சிரிக்க வைக்கும் சொலவடைகளைச் சேர்ப்பது எப்படி? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

பழமொழித் தொகுப்பு ஏதாவது ஒன்றை எடுத்து வரிசையாக ஐம்பது பழமொழிகளைப் படித்துப் பாருங்கள். பத்தைத் தாண்டுவதற்குள் கண் வழுக்கிக்கொண்டு போகும். அதே ஐம்பதில் ஒன்றைக் கல்யாணப் பந்தியில் ஓர் அத்தை, நெய்க் கிண்ணத்தோடு வருகிறவரைப் பார்த்துச் சொன்னால் அந்த வரிசையே சிரிக்கும். வாசகம் ஒன்றுதான். யார், யாரைப் பார்த்து, எதற்காகச் சொன்னார் என்பது புத்தகத்தில் இல்லை. அதனால் சிரிப்பும் இல்லை.

ஆகவே நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: வாசகத்தைச் சந்தர்ப்பத்தோடு சேர்த்துப் பிடிப்பது. ஒரு நோட்டும் பேனாவும் பொறுமையும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

முதலில் எல்லை

"தமிழில் உள்ள பழமொழிகள் எல்லாவற்றையும்" என்று கிளம்பாதீர்கள். அந்த வேலையை நமக்கு முன்பே பெரிய ஆட்கள் செய்துவிட்டார்கள். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளை மொழிபெயர்த்தாரே, அதே பெர்சிவல்தான். 1894-இல் ஜான் லாசரஸ் பழமொழி அகராதி கொண்டுவந்தார். 1897-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். பிற்காலத்தில் கி.வா.ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். எண்ணிக்கையில் இவர்களோடு மல்லுக்கட்டுவது வீண். ஆனால் ஒரு சொலவடையை எந்த ஊரில், என்ன வயசுக்காரர், யாரை இடிப்பதற்காக எடுத்துவிட்டார் என்ற விவரம் அங்கே அநேகமாகக் கிடைக்காது. உங்களுக்கான இடம் அதுதான்.

அதனால் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவின் ஊர் மட்டும். அல்லது ஒரே ஒரு டீக்கடை. அல்லது ஒரு தொழில்: கல்யாணச் சமையல்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், தறிக்காரர்கள், மீன் விற்கிற பெண்கள். சமையல்காரர்களை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். விடிய விடிய விழித்திருக்கிறவர்கள், கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது.

எது எது கணக்கில் வரும்?

நகைச்சுவைச் சொலவடை என்றால் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. காதைப் பழக்கிக்கொள்ள இரண்டு மூன்று வகைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் ருசியானது 'என்றானாம்' வகை. இரண்டு வரியில் ஒரு நாடகமே நடந்துவிடும். "ஏண்டா தென்னை மரத்தில் ஏறினாய் என்றால், கன்றுக்குட்டிக்குப் புல் பிடுங்க என்றானாம். தென்னை மரத்தில் ஏதடா புல் என்றால், அதுதான் இறங்கி வருகிறேன் என்றானாம்." இளநீர் திருட ஏறியவன் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. கேட்கிறவருக்குத் தெரியும், பிடிபட்டவனுக்கும் தெரியும். அவன் முகத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பதும் இந்த ரகம். இந்த வகையைக் குறித்துக்கொள்ளும்போது கடைசி 'ஆம்' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'எனக்கொன்றும் தெரியாது, ஊரில் சொல்கிறார்கள்' என்று சொல்கிறவர் கைகழுவிக்கொள்வது அந்த ஈரெழுத்தில்தான்.

அப்புறம் 'மாதிரி' வகை. பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி, குரங்கு கையில் பூமாலை கிடைத்த மாதிரி. இவை தனியாக நிற்காது, பேச்சுக்கு நடுவே வால் போல ஒட்டிக்கொண்டு வரும். அதனால் பலர் இவற்றைப் பழமொழிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேருங்கள்.

இன்னொன்று, சிரிக்காமல் ஒரு சட்டம் போல அறிவிப்பது. "நாய் விற்ற காசு குரைக்காது." "பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டம் நமக்கு." "ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி."

கேட்கிற விதம்

புதியவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பாட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "பழமொழி சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் என்ன வரும்? யானைக்கும் அடி சறுக்கும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும். பேரன் பேத்திகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதையே அவரும் ஒப்பிப்பார். பழமொழி என்ற சொல்லைக் கேட்டதுமே பரீட்சை என்று தோன்றிவிடுகிறது. தென்மாவட்டங்களில் 'சொலவடை' என்று கேட்டால் கொஞ்சம் இளகுவார்கள். ஆனாலும் நேராகக் கேட்பது நேராகக் கேட்பதுதான்.

அதற்குப் பதில் ஆளையும் சந்தர்ப்பத்தையும் காட்டிக் கேளுங்கள்.

"ஏன் அம்மாச்சி, வேலையும் தெரியாம சாக்கும் சொல்றவங்கள உங்க ஊர்ல என்னன்னு சொல்வாங்க?"

"அதா? ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம், அந்தக் கதைதான். ஏன், யாரச் சொல்ற?"

கடைசியில் வந்த கேள்வியைக் கவனித்தீர்களா? நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் அடுத்த நாலைந்து தானாக வரும். இப்படிக் கேட்கச் சில சந்தர்ப்பங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திடீர்ப் பணக்காரர் பந்தா காட்டினால் என்ன சொல்வார்கள்? (அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்.) அடுத்தவர் காசில் தாராளம் காட்டினால்? (ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.) உதவுகிறேன் என்று வந்து காரியத்தைக் கெடுத்தால்? (பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.) விழுந்தவன் மேலேயே இன்னோர் இடி விழுந்தால்? (குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.) ஒரே தப்புக்கு ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னால்? (மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.) கஞ்சன், வாயாடி, போகவே மாட்டாத விருந்தாளி, மருமகன் முறுக்கு, புது மாப்பிள்ளையின் சாப்பாடு என்று இந்தப் பட்டியலை நீங்களே நீட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு தந்திரம்: பாதியில் நிறுத்துவது. "அது என்னமோ சொல்வாங்களே, சாண் ஏறினா..." என்று இழுத்தால் எதிரில் இருக்கிறவரால் முடிக்காமல் இருக்க முடியாது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்வது அதைவிடப் பலன் தரும். "அப்படி இல்லப்பா" என்று திருத்துகிறவர், தன் ஊர் வடிவத்தைச் சுத்தமாக ஒப்படைத்துவிடுவார்.

ஆனால் எதுவும் கேட்காமல் சும்மா இருப்பதற்கு ஈடு இல்லை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி காய் நறுக்குகிற இடம், ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலையில் மதியம் உட்காருகிற மரத்தடி, பஞ்சாயத்துக் குழாயடி, சீட்டு ஆடுகிற திண்ணை. வேலையும் கொஞ்சம் கடுப்பும் கூடின இடத்தில் சொலவடை விளையும். பேட்டி எடுக்கிற முகத்தோடு போகாதீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேளுங்கள்.

போனில் பதிவு செய்வதானால் முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பதிவு செய்வது சரியில்லை. நடைமுறையிலும் உதவாது, பாத்திரச் சத்தம்தான் அதிகம் பதிவாகும். நான்கு வார்த்தை கிறுக்கிக்கொண்டு வந்து அன்றைக்கு ராத்திரியே விரித்து எழுதுவது போதும். மறுநாளுக்குத் தள்ளினால் வாசகம் நினைவிருக்கும், சந்தர்ப்பம் மறந்துபோகும். நமக்கு வேண்டியதே அந்தச் சந்தர்ப்பம்.

எழுதுகிற விதம்

ஒரு சொலவடைக்கு ஒரு அட்டை. அல்லது கணினியில் ஒரு வரிசை. மாதிரிக்கு ஒன்று:

வாசகம்: ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே.
சொன்னவர்: பெண், எழுபதை ஒட்டிய வயது, ஊர் இன்னது.
யாரிடம்: பந்தி பரிமாறிய தம்பி மகனிடம், எல்லோர் முன்னும்.
எதற்கு: தன் நண்பர்கள் இலைக்கு மட்டும் இரண்டு தடவை நெய் ஊற்றினான்.
நடந்தது: அவனும் சிரித்தான்; அத்தை இலைக்கும் இன்னொரு கரண்டி ஊற்றினான்.
வேறு வடிவம்: பக்கத்தில் இருந்தவர் 'ஊரார் வீட்டு' என்றார்.

இதில் பலர் விடுவது 'நடந்தது' என்ற வரியை. கேட்டவர் சிரித்தாரா, முகம் சுண்டினாரா, பதிலுக்கு ஒன்று எடுத்துவிட்டாரா என்பது தெரிந்தால்தான் அது செல்லக் குத்தா, உண்மையான அடியா என்று புரியும். ஒரே வாசகம் இரண்டுக்கும் பயன்படும். பதிலுக்கு வந்த சொலவடை இருந்தால் அதற்குத் தனி அட்டை போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துக் குறியுங்கள்.

பேசினபடியே எழுதுங்கள். 'பெண்டாட்டி' என்று திருத்துவதும் 'என்றானாம்' என்று விரிப்பதும் அப்புறம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். திருத்தி எழுதியதிலிருந்து பேச்சை மீட்க முடியாது. சில சொலவடையில் மோனையும் எதுகையும் பேச்சு வடிவத்தில்தான் சரியாக விழும். இடிபட்டவரின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். 'மருமகள்', 'கடைக்காரர்' என்று உறவையோ தொழிலையோ போட்டால் போதும். நோட்டு யார் கையில் வேண்டுமானாலும் சிக்கும், ஊர் சின்னது.

வடிவ வேறுபாடுகளைத் தப்பு என்று நினைத்து அடிக்காதீர்கள். கூடம் கோணலா, தெரு கோணலா? மண்குடமா, மண்சட்டியா? எல்லாமே சரி. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான பழமொழி நானூற்றில் முன்றுறை அரையனார், மணலுள் மறைந்து கிடக்கும் 'நுணலும் தன் வாயால் கெடும்' என்கிறார். இன்றைக்குப் பலர் வாயில் அது தவளை. இதில் தவளைக்காரர் பிழை செய்தார் என்று சொல்ல என்ன இருக்கிறது?

சட்டியைச் சஷ்டி ஆக்குகிறவர்கள்

சேர்க்க ஆரம்பித்த உடனே உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வகைச் செய்தி வரும்: 'நாம் தவறாகப் புரிந்துகொண்ட பழமொழிகள்'. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது உண்மையில் 'சஷ்டியில் இருந்தால்' என்ற விரதச் செய்தியாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது ஆயிரம் 'வேரை'க் கொன்றவனாம். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது ஆற்று மண் 'குதிர்', அதாவது மணல் திட்டு, பற்றியதாம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதில் வருவது கடவுளின் திருவடியாம்.

எனக்கு இந்தச் செய்திகள் மேல் பொறுமை குறைவு. ஒவ்வொன்றிலும் நடப்பது ஒன்றே: கிண்டலை எடுத்துவிட்டு உபதேசத்தை வைக்கிறார்கள். அரைகுறை வைத்தியரைக் கேலி செய்யும் வரி, வைத்தியருக்கு நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. களிமண்ணில் செய்த குதிரை மேல் ஏறி ஆற்றைக் கடக்கப் பார்க்கிறவனைக் கற்பனை செய்தாலே சிரிப்பு வரும். மணல் திட்டில் என்ன சிரிப்பு இருக்கிறது? நம் முன்னோர் கேலி பேசியிருக்கவே மாட்டார்கள் என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. அவர்கள் நன்றாகவே பேசினார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? 'இதுதான் மூல வடிவம்' என்று யாராவது சொன்னால், பழைய அச்சு எதிலாவது அந்த வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். பெர்சிவல், லாசரஸ், ஜென்சன் மூன்றும் காப்புரிமை முடிந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளமும் உதவும். சென்னையில் இருப்பவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நேரிலேயே போகலாம். பழைய அச்சில் இல்லையென்றால் புது விளக்கம் என்று குறித்து, அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். தூக்கிப்போட வேண்டாம். இந்தக் காலத்தில் இப்படியும் சொன்னார்கள் என்பது ஒரு தகவல்தானே.

பெயர் போட்ட நகைச்சுவை

சொலவடைக்கு ஆசிரியர் கிடையாது. ஆனால் சேர்க்கப் போனால், 'இதை அவர் சொன்னார்' என்கிற துணுக்குகளும் கூடவே வந்து குவியும். இங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவர் மேல் ஊரில் உள்ள நகைச்சுவை எல்லாம் ஏற்றப்படும். வெளிநாட்டில் பெர்னார்ட் ஷா, சர்ச்சில். நம் ஊரில் கலைவாணர், அறிஞர் அண்ணா. ஒரே துணுக்கை மூன்று பேர் பெயரில் பார்த்தால் மூன்று பெயரையும் சந்தேகியுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கூட்டம், எந்தப் பத்திரிகை என்று எதுவும் இல்லாத மேற்கோளுக்கு 'பெயர் உறுதியில்லை' என்று ஒரு குறி போடுங்கள். நல்ல துணுக்கு பெயர் இல்லாமலும் சிரிக்க வைக்கும்.

காளமேகப் புலவர் விஷயத்தில் பாட்டையும் கதையையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதைப் பாடிய வெண்பா பிரசித்தம்: "கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில் அத்தமிக்கும் போதில் அரிசிவரும், குத்தி உலையிலிட ஊரடங்கும், ஓரகப்பை அன்னம் இலையிலிட வெள்ளி எழும்." சாயங்காலம் அரிசி வந்து, ஊர் தூங்கினபிறகு உலை வைத்து, விடிவெள்ளி முளைக்கும்போது ஒரு கரண்டி சோறு! நொந்துபோன சத்திரக்காரர் கெஞ்ச, காளமேகம் அதே வரிகளுக்குப் புகழ்ச்சியாக வேறு பொருள் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. பாட்டு தனிப்பாடலாக நம் கையில் இருக்கிறது. கதை பாட்டோடு ஒட்டி வந்தது. உங்கள் தொகுப்பில் இரண்டையும் போடலாம், ஆனால் 'பாட்டு இது, சொல்லப்படும் கதை இது' என்று தனித்தனியாக.

யாரை இடிக்கிறது?

பழைய நகைச்சுவையில் பெரும்பங்கு ஆதிக்கம் உள்ளவர்கள் இல்லாதவர்களைப் பார்த்துச் சிரித்தது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துபவை, விதவைகளை, மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்பவை ஏராளம். பழைய அச்சுத் தொகுப்புகளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வரும். கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாத மாதிரி நடிப்பதால் வரலாறு மாறாது. ஆனால் சிரிப்பதற்காக வெளியிடும் தொகுப்பில் அவற்றுக்கு இடம் தேவையில்லை. நோட்டில் ஒரு தனிக் குறி போட்டு ஒதுக்கிவிடுங்கள். ஆய்வுக்காகக் கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

மாமியார் மருமகள் வகை கொஞ்சம் சிக்கலானது. பலவற்றைப் பெண்களே உருவாக்கி, பெண்களே பெண்களிடம் சொல்கிறார்கள். அடுப்படியில் மருமகள்கள் கூடி மாமியாரைப் பற்றிச் சொல்வதும், ஆண்கள் கூடி 'பொம்பளைங்களே இப்படித்தான்' என்று சொல்வதும் ஒன்றல்ல. அட்டையில் 'யாரிடம்' என்ற வரி இருந்தால் இந்த முடிவை எடுப்பது சுலபம்.

அடுக்குதல்

இது சீக்கிரம் முடிகிற வேலை. கணினியில் ஒரு விரிதாள் போதும். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். அகர வரிசையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே சொலவடையை ஒருவர் 'அற்பனுக்கு' என்றும், இன்னொருவர் 'அற்பப் பயலுக்கு' என்றும் ஆரம்பிப்பார். அதனால் 'குடை', 'கழுதை', 'நெய்' என்று முக்கியச் சொல்லுக்கு ஒரு பத்தியும், 'பந்தா', 'சாக்கு', 'கஞ்சத்தனம்' என்று சந்தர்ப்பத்துக்கு ஒரு பத்தியும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நீங்கள் அதிகம் தேடப்போவது சந்தர்ப்பத்தை வைத்துத்தான்.

வெளியிடுவதானால்

எல்லாவற்றையும் போடாதீர்கள். ஆயிரம் சேர்ந்திருந்தால் நூறு எடுங்கள். அடுத்தடுத்து இரண்டு கழுதை வரக்கூடாது. 'என்றானாம்' வகையில் மூன்றுக்குமேல் தொடர்ந்து வந்தாலும் அலுக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சந்தர்ப்பத்தை ஓரிரு வரியில் சொல்லுங்கள், அதன்பின் வாசகம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் 'இதன் பொருள் யாதெனில்' என்று ஆரம்பித்தால் வாசகர் ஓடிவிடுவார். வழக்கொழிந்த பொருள் ஏதாவது இருந்தால், உதாரணமாக அகப்பை என்றால் தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகிய கரண்டி என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரியாது, அதைச் சந்தர்ப்ப வரியிலேயே நைசாக நுழைத்துவிடலாம்.

சொலவடை யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் இன்னொரு தொகுப்பாசிரியர் எழுதிய விளக்கம் அவருக்குச் சொந்தம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. பத்திரிகைத் துணுக்குகளுக்கும் அதே கதி. வாசகத்தை எடுங்கள், விளக்கத்தை நீங்களே எழுதுங்கள்.

அச்சுக்குப் போகும் முன், சொன்னவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயர் போடலாமா, வயசு போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். தான் சொன்னதைக் கேட்டதும், "அதுக்கு அவ திருப்பி என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.